மருமகள் மாத்திரை அல்ல

டெல்லியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். சென்ற வாரம் வந்த பெண்ணுக்கு என் மகள் வயது. திருமணமாகி 14 மாதம். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன், கருமுட்டை வளர்ச்சி ஸ்கேன் என்று, கருத்தரிக்காததற்கு எடுத்த பரிசோதனைகளால் தடிமனாக இருந்தது. எல்லாம் அவளுடையவை; கணவன் பெயரில் ஒரு தாள்கூட இல்லை. உங்களுக்குள் உறவு எப்படி என்று கேட்டேன். அழத் தொடங்கிவிட்டாள். அவன் அவளைத் தொட்டதே இல்லை. இத்தனை பரிசோதனை எழுதியவர்களில் ஒருவர்கூட இந்த முதல் கேள்வியைக் கேட்கவில்லை. தன் நிறம்தான் காரணம் என்று நினைத்து முகத்துக்குக் களிம்பு பூசிக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்பது திருமணத்துக்கு முன்பே மாமியாருக்குத் தெரியும். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இந்த ஆண்டில் இது நான்காவது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஷாதி கரா தோ, டீக் ஹோ ஜாயேகா." கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். எது சரியாக வேண்டும்? தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990இல். அதை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்கு 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. தீர்ப்பு எழுதுமுன் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அத்தகைய சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. மருந்தும் மின்னதிர்ச்சியும் மாற்றாததை மருமகள் மாற்றுவாளாம்!

"குழந்தையே பிறந்துவிட்டதே, மாறிவிட்டான்தானே?" என்று கேட்கிறார்கள். இல்லை அம்மா. உடலால் முடிவது வேறு, மனம் யாரை நாடுகிறது என்பது வேறு. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனானவர்கள் நாற்பத்தைந்து வயதில் என் எதிரே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். இது ஆண்மைக் குறைவும் அல்ல. ரயில் பாதையோரச் சுவர்களில் விளம்பரம் எழுதும் வைத்தியர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள்.

இப்போது இன்னொரு கூட்டம், 'பதாய் தோ' படத்தைப் பார்த்துவிட்டு, நாங்களும் அப்படியே செய்துகொள்ளலாமே என்று வருகிறது. 2022இல் வந்த இந்திப் படம். டேராடூனில் மகளிர் காவல் நிலையத்தில் வேலை பார்க்கும் ஷார்துலும் உடற்கல்வி ஆசிரியை சுமியும், தங்கள் தன்பாலீர்ப்பை மறைத்து, வீட்டார் வாயை அடைப்பதற்காகத் தங்களுக்குள் திருமணம் செய்துகொள்கிறார்கள். ராஜ்குமார் ராவும் பூமி பெட்னேகரும் சிரிக்கவும் வைக்கிறார்கள், கலங்கவும் வைக்கிறார்கள். எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் வருகிறவர்கள் இடைவேளையோடு எழுந்து வந்தவர்களைப் போலப் பேசுகிறார்கள். கல்யாணத்தோடு தொல்லை ஒழிந்ததா அங்கே? குழந்தை எங்கே என்ற அடுத்த தொல்லை வந்தது. சுமியின் காதலி ரிம்ஜிம்மை வீட்டில் வைத்துக்கொள்ளப் பொய்க்கு மேல் பொய் தேவைப்பட்டது. கடைசியில் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க, அந்தக் காகிதத் திருமணத்தையே பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நம் விதிப்படி தம்பதியாகத் தத்தெடுக்க இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பால் திருமணத்தை ஏற்க மறுத்தபின், ரிம்ஜிம்முக்கு அந்த விண்ணப்பத்தில் இன்றும் இடமில்லை.

அவர்கள் இருவருக்கும் உண்மை தெரியும் என்பதையாவது கவனியுங்கள். என்னிடம் வந்த பெண்ணுக்கு யார் சொன்னார்கள்?

ஒப்பந்தக் கல்யாணம் செய்தே தீருவேன் என்பவர்கள் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். நீங்கள் நண்பர்களாக இருக்கலாம். சட்டத்துக்கு நீங்கள் கணவன் மனைவி. ஜீவனாம்சமும் வாரிசுரிமையும் கூடவே வரும். மனமொத்து விவாகரத்து கேட்கவும் பொதுவாக ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும்.

ஏமாற்றப்பட்டவர்கள் காலம் கடத்தாதீர்கள். மோசடியால் நடந்த திருமணத்தை ரத்துசெய்ய, இந்து திருமணச் சட்டப்படி, உண்மை தெரிந்த ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும்.

பிள்ளைகளே, உங்களைத் திட்டவில்லை, கெஞ்சுகிறேன். வீட்டில் எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டும் என்பதில்லை. அடியும் பூட்டிய அறையும் காத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். முதலில் ஒரு வேலை, வேறு ஊரில் ஒரு வாடகை அறை. அதுவரை "கல்யாணம் வேண்டாம்" என்ற இரண்டு சொல் போதும். காரணம் கேட்டால் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

அந்தப் பெண் கிளம்பும்போது கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, "வியாழக்கிழமை அடுத்த ஸ்கேன் இருக்கிறது. போக வேண்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். என் மேசைத் தொலைபேசியிலிருந்தே அழைத்து ரத்துசெய்தாள். காரணம் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.