பாதகம் என்னும் இரு சொற்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் அஞ்சல் பெட்டிகளில் ஒரு நாள் காப்புறுதித் துண்டறிக்கை ஒன்று வந்து கிடந்தது. அதன் தமிழ்ப் பகுதியில் ‘இத்திட்டத்தின் பாதகங்கள்’ என்று ஒரு தலைப்பு. கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்த கீழ்மாடிப் பாட்டிக்காக அதை உரக்க வாசித்தேன். “ஏன் தம்பி, காப்புறுதி எடுக்கிறது பாதகமா? அதை அவங்களே அச்சடிச்சுக் குடுக்கிறாங்களா?” என்று கேட்டார். சிரிப்பு வந்தது; ஆனால் பிழை அவருடையதன்று. பகரத்தை ‘படம்’ என்பதில் வருவது போல வல்லொலியாக வாசித்தவன் நான்தான், அப்படி வாசித்தால் அது பாவம் என்று பொருள்படும் வேறொரு சொல்.

வடமொழியில் இவை இரண்டும் தனித்தனிச் சொற்கள். ஒன்று ‘விழு’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்து, ஒருவனை அவன் நிலையிலிருந்து வீழ்த்தும் செயலைக் குறிப்பது. ‘பதிதன்’ என்பதும் அதே வேரில் வந்தது. கொலை, களவு, கள், காமம், பொய் ஆகிய ஐந்தைப் பஞ்சமா பாதகம் என்பதும், பாதகன், பாதகத்தி என்று ஏசுவதும் இந்தச் சொல்லைக் கொண்டுதான். மற்றொன்று, ‘பயம்’ என்பதில் ஒலிப்பது போன்ற மெல்லொலியில் தொடங்குவது. தடுத்தல், வருத்துதல் என்னும் பொருளுடையது. பாதிப்பு, பாதகமில்லை, சாதக பாதகம், சோதிடர்கள் சொல்லும் பாதகாதிபதி ஆகியவை இதன் வழிவந்தவை. தமிழ் எழுத்தில் இவ்விரு ஒலிகளுக்கும் ஒரே பகரம் என்பதால், வாயில் வேறுபட்டவை தாளில் ஒன்றாகிவிட்டன. வேடிக்கை என்னவென்றால், இதன் எதிர்ச்சொல்லான சாதகத்துக்கும் இதே கதிதான்: பிறப்புக் குறிப்பும் சாதகம், காரியத்துக்குத் துணை நிற்பதும் சாதகம்.

வீழ்த்தும் பாதகம் மலாயிலும் குடியேறியிருக்கிறது. பேரழிவைக் குறிக்க மலாய்ச் செய்திகளில் வரும் ‘மாலாபெத்தாக்கா’ என்னும் சொல்லின் பின்பாதியான ‘பெத்தாக்கா’ அதுவே. நம்மிடம் செய்தவனின் குற்றமாக நின்ற சொல், அங்கே யார் தலையிலும் வந்து விழும் துன்பமாக மாறிவிட்டது.

தடுக்கும் பாதகத்துக்கு நேரான தமிழ்ச் சொல் ‘இடையூறு’ என்பேன். கெடு கேடு ஆவது போலவும் சுடு சூடு ஆவது போலவும், ‘உறு’ என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு ‘ஊறு’ ஆகிறது. இலக்கணத்தார் இதனை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். உறுதல் என்றால் வந்து சேர்தல், படுதல், தீண்டுதல். திருக்குறளின் 27ஆம் குறளில் ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்று ஐம்புலன்களை எண்ணும் இடத்தில் ஊறு வெறும் தொடு உணர்ச்சிதான். 662ஆம் குறளின் ‘ஊறொரால்’ என்பதிலோ, வினை செய்பவன் தவிர்க்க வேண்டிய இடையூறு. மேலே வந்து படுவதே துன்பம் என்ற எண்ணம் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. அந்த ஊறு நடுவழியில் வந்து பட்டால் இடையூறு. பாவமான பாதகத்துக்குத் ‘தீவினை’ போதும்.

இதற்காகப் பாதிப்பு என்னும் சொல்லைத் துரத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை வெள்ளம் சூழ்ந்தபோது அங்கே சிக்கியவர்களைப் பாதிக்கப்பட்டோர் என்று குறிப்பதில் யாருக்கும் குழப்பம் நேராது. ஆனால் மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியும் சேற்றில் போனது பாதிப்பு என்பதைவிடச் சேதம், இழப்பு என்றால்தான் போனது என்னவென்று தெரியும். நட்டத்தையும் ஈட்டையும் ஒட்டிச் செய்த ‘நஷ்டஈடு’ மெல்ல விலகி, ‘இழப்பீடு’ நம் நாளேடுகளில் நிலைத்துவிட்டது நல்லதே.

எனக்கு நெருடுவது பள்ளிக் கட்டுரைகளில் வரும் ‘கைப்பேசியின் நன்மை தீமைகள்’ என்னும் தலைப்பு. இணைய வழி மோசடியைத் தீமை எனலாம். மின்கலம் விரைவில் தீர்ந்துபோவதையும் தீமை என்று பிள்ளைகள் எழுதுகிறார்களே, அது எப்படிப் பொருந்தும்? அது குறை. நிறைகுறை என்ற இணை நம்மிடம் இருக்கும்போது தீமையை இவ்வளவு மலிவாக்க வேண்டியதில்லை. பழைய நடையில் அனுகூலம், பிரதிகூலம் என்றும் எழுதினார்கள். இரண்டிலும் உள்ள கூலம் ஆற்றங்கரையைக் குறிப்பது. இன்று பிரதிகூலம் என்றால் பாட்டி என்ன, பேரனுக்கும் அகராதி வேண்டும்.

துண்டறிக்கையில் அந்தத் தலைப்பின்கீழ் இருந்தவை மூன்றே செய்திகள்: முன்பே உள்ள நோய்களுக்குக் காப்பு இல்லை, முதல் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும், இடையில் நிறுத்தினால் கட்டிய பணம் முழுதாகத் திரும்பாது. இவற்றுள் முதலாவது விலக்கு, இரண்டாவது நிபந்தனை, மூன்றாவது மட்டுமே இழப்பு. அப்படியே பிரித்துச் சொன்னபோது, “கடைசியா சொன்னியே, அதை மட்டும் இன்னொரு தடவை படி” என்றார் பாட்டி.