ஒரே மாத்திரையில் நான்கு மருந்து: காசநோய்ச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது?

பென்னாகரம் பக்கம் 45 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் காசநோய் என்று சளிப் பரிசோதனையில் உறுதியாகிறது, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிதான் என்றும் தெரிகிறது என்றால், அவர் தினமும் போட வேண்டியது 3 மாத்திரை. ஒவ்வொரு மாத்திரையிலும் ஐசோனியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைராசினமைடு 400, எத்தாம்புட்டால் 275 மில்லிகிராம் இருக்கும். 2 மாதம் கழித்து பைராசினமைடு இல்லாத மாத்திரைக்கு மாற்றுவார்கள். அது இன்னும் 4 மாதம். எடை 50 கிலோவைத் தொட்டால் 3 மாத்திரை 4 ஆகும். சிகிச்சை நடக்கும்போது எடை பார்ப்பது இதற்காகவும்தான்.

ஒரே மருந்தை வீரியமாகக் கொடுத்தால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 1948-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு அதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் கொடுக்கப்பட்டவர்கள் முதலில் நன்றாகத் தேறினார்கள். ஆனால் பலருக்கு அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் கிளம்பி, நோய் மறுபடி தலைதூக்கியது. வேறொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது அது வெகுவாகக் குறைந்தது.

காரணம் வெறும் கணக்குதான். நுரையீரலில் நோய் அரித்த ஒரு குழிக்குள் 10 கோடி கிருமிகள் இருப்பது சாதாரணம். கிருமி இரண்டாகப் பிரியும்போது மரபணுவில் அவ்வப்போது தற்செயலாகப் பிழை விழும். அப்படி ஐசோனியாசிடுக்கு அடங்காத கிருமி ஏறக்குறைய 10 லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது 10 கோடியில் ஒன்று. ஆக, ஐசோனியாசிட் மட்டும் கொடுத்தால் சுமார் 100 கிருமிகள் தப்பும். மற்றதெல்லாம் செத்து இடம் காலியானதும் அந்த 100 பெருகி நெஞ்சை நிறைக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்? இரண்டுக்கும் ஒருசேர அடங்காத கிருமி அமைய வாய்ப்பு ஒரு கோடி கோடியில் ஒன்று. அத்தனை கிருமி எந்த உடம்பிலும் இல்லை.

நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை. காசநோய்க் கிருமியைச் சுற்றி மைக்கோலிக் அமிலம் என்கிற கொழுப்பால் ஆன கெட்டியான உறை இருக்கிறது. அதைக் கட்டவிடாமல் தடுப்பது ஐசோனியாசிட். வேகமாகப் பெருகும் கிருமிகள் இதனால் முதல் சில நாட்களிலேயே பெரும்பாலும் செத்துவிடும். எத்தாம்புட்டாலும் உறையில்தான் கைவைக்கிறது, ஆனால் வேறொரு இடத்தில். ஐசோனியாசிடுக்கு அடங்காத கிருமி முன்பே உள்ளே இருந்தால் ரிஃபாம்பிசின் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது, அதற்கு இது காவல். ரிஃபாம்பிசின், மரபணுச் செய்தியைக் கிருமி படியெடுப்பதையே நிறுத்துகிறது. பைராசினமைடு, வீக்கத்தால் அமிலத்தன்மை ஏறிய மூலைகளில், மற்ற மருந்துகள் சோர்ந்துபோகும் இடத்தில், பதுங்கியிருக்கும் கிருமிகளைத் தாக்குகிறது.

அப்புறம் ஏன் 6 மாதம்? இந்தக் கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரிய ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். போதாததற்கு ஒரு கூட்டம் பெருகாமல் தூங்கிக்கொண்டிருக்கும், எப்போதாவதுதான் விழிக்கும். கேழ்வரகுக் கொல்லையில் கோரையைக் களையெடுத்தவர்களுக்கு இது புரியும்: மேலே பச்சை போய்விடும், கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். 3, 4 வாரத்தில் இருமல் அடங்கி, பசி எடுத்து, கல்குவாரி வேலைக்கே திரும்பப் போகலாம் போலத் தெம்பு வந்துவிடும். அது மேல்புல் போன கட்டம்தான். விழிக்கிற ஒவ்வொன்றையும் அன்றன்றைக்கே ரிஃபாம்பிசின் பிடிக்க வேண்டும், அதற்கு அது தினமும் இரத்தத்தில் இருக்க வேண்டும். (கல்குவாரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி கிரானைட் வேலையில் பறக்கும் சிலிக்கா தூசு, நுரையீரலில் கிருமியை விழுங்கும் காவல் செல்களையே முடக்கிவிடுகிறது. அங்கே வேலை செய்பவர் 2 வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதித்தே ஆக வேண்டும்.)

பாதியில் நிறுத்துபவர்களில் பலர் அலட்சியத்தால் நிறுத்துவதில்லை, பயந்து நிறுத்துகிறார்கள். முதல் பயம் சிறுநீர். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் அது ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ போகும். இரத்தம் என்று நினைக்கிறார்கள், அல்லது சூடு பிடித்துக்கொண்டது என்று மாத்திரையை ஓரம் வைத்துவிட்டு மோர் குடிக்கிறார்கள். ரிஃபாம்பிசினின் சொந்த நிறமே அதுதான். வியர்வையிலும் கண்ணீரிலும்கூட வரும், வெள்ளைச் சட்டையில் கறை படியும். கெடுதல் ஒன்றும் இல்லை. மாத்திரை கொடுக்கும் முதல் நாளே இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி அனுப்பினால் எவ்வளவோ பேர் தப்புவார்கள்.

பயப்பட வேண்டியது வேறு. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றுமே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. குடிப்பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும், இந்த 6 மாதம் மது தொடவே கூடாது. சிறுநீர் ஏற்கெனவே சிவந்திருப்பதால் அதைப் பார்த்து மஞ்சள் காமாலையைக் கண்டுபிடிக்க முடியாது. பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையைப் பார்க்க வேண்டும். அங்கே மஞ்சள் தட்டினாலோ, சோறு, களி எதைக் கண்டாலும் குமட்டி, விடாமல் வாந்தி வந்து, வலப்பக்க மேல்வயிறு வலித்தாலோ, மாத்திரை முழுவதையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு மாத்திரையையும் தொடர்வது உயிருக்கே ஆபத்து. எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவர் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பார். 3 மாத்திரைக்கு 1 மாத்திரை என்று நாமாகக் குறைத்துக்கொள்வது மோசமான வழி, கிருமியைக் கொல்லாத அளவு மருந்து அதற்குப் பழக்கம்தான் கொடுக்கும்.

பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை என்றாலோ அது எத்தாம்புட்டாலின் வேலை. உடனே சொல்ல வேண்டும், தாமதித்தால் பார்வை முழுசாகத் திரும்பாமலே போகலாம். கைகால் மதமதப்பு ஐசோனியாசிடால் வருவது. அதைத் தடுக்கத்தான் பைரிடாக்ஸின் என்கிற வைட்டமின் மாத்திரை. மூட்டுவலி பெரும்பாலும் பைராசினமைடால் வருவது, வலி மருந்தில் அடங்கும்.

வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பு போட்டால் ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிடும் இரத்தத்தில் நன்றாகச் சேரும். விடியற்காலையில் எழுந்ததும் போட்டுவிட்டு, அப்புறம் கூழோ களியோ சாப்பிடலாம். வயிறு புரட்டுகிறது என்றால் கொஞ்சம் ஆகாரத்தோடு போடுவது பரவாயில்லை, போடாமல் விடுவதுதான் தப்பு. நெஞ்செரிச்சல் சிரப்பைக் கூடவே குடிக்க வேண்டாம், அதிலுள்ள அலுமினியம் மருந்தை உடம்பில் சேரவிடாது. மறந்துவிட்டால் அன்றைக்கே எப்போது நினைவு வருகிறதோ அப்போது போடலாம். மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைத்தால் ஈரம் பட்டு வீரியம் போகும்.

இன்னொன்று, ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு வேறு மருந்துகளைச் சீக்கிரம் கரைத்துவிடும். கருத்தடை மாத்திரை பலிக்காது, வேறு முறை தேவை. சில சர்க்கரை மாத்திரைகள், எச்.ஐ.வி. மருந்துகள், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் எல்லாவற்றின் வேகமும் குறையும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று ஒன்றுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இதற்காக ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடக்கத் தேவையில்லை என்பதை உலகுக்குக் காட்டியது நம் சென்னைதான். 1956-இல் தொடங்கிய ஆய்வில், நெரிசலான வீடுகளில் இருந்தபடியே மருந்து எடுத்தவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமானார்கள். ஆனால் உடம்பு ரொம்பத் தளர்ந்திருந்தால் கதை வேறு. 2022-இல் வந்த 'காசநோய் இறப்பில்லா' திட்டத்தில் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவர்களை உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது, கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

தருமபுரியிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு மாத்திரை அறுந்துபோவது பெரும்பாலும் அங்கேதான். ஊரை விட்டுக் கிளம்பும் முன் சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டால், நிக்ஷய் (காசநோயாளிகளுக்கான அரசின் இணையப் பதிவேடு) பதிவு எண்ணை அந்த ஊருக்கு மாற்றிக் கொடுப்பார்கள். கர்நாடக அரசு மருத்துவமனையிலேயே அதே மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். 2-ஆம் மாத முடிவிலும் கடைசியிலும் எடுக்க வேண்டிய சளிப் பரிசோதனையையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.