சென்சஸ் டவுன்: தமிழில் கணக்கெடுப்பு நகரம்

சென்னை மாநகராட்சியோடு இணைவதற்கு முன் கொட்டிவாக்கமும் நீலாங்கரையும் சட்டப்படி கிராம ஊராட்சிகள். சென்சஸ் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) பட்டியலிலோ அவை நகரங்கள். இப்படிப்பட்ட ஊரைத்தான் ‘சென்சஸ் டவுன்’ என்கிறார்கள். குறைந்தது 5,000 பேர் இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ வேண்டும், ஆண்டில் ஆறு மாதமாவது வேலை பார்க்கும் ஆண் தொழிலாளர்களில் 75 சதவீதத்தினராவது விவசாயம் அல்லாத வேலை பார்க்க வேண்டும். நகராட்சி போன்ற சட்ட அந்தஸ்து இல்லாத ஊராகவும் இருக்க வேண்டும். 2001இல் நாடு முழுக்க 1,362 ஆக இருந்த இவை 2011இல் 3,894 ஆயின.

சென்சஸ், ‘மதிப்பிடு’ என்ற பொருள் தரும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. பழைய ரோமில் குடிமக்களையும் அவர்கள் சொத்தையும் பதிவு செய்தார்கள். டவுன் பழைய ஆங்கிலச் சொல். வேலி அடைத்த இடத்தைக் குறித்தது.

ஆனால் சென்சஸ் டவுனுக்கென்று தனி வேலி கிடையாது. பெரும்பாலும் வருவாய்க் கிராமத்தின் (நிலப் பதிவுகளுக்காக வருவாய்த் துறை வகுத்த கிராமத்தின்) எல்லைதான் அதன் எல்லை. ஊராட்சி எல்லை அதோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை: ஓர் ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய்க் கிராமங்கள் இருக்கலாம். அதனால் ஊர்ப் பெயரை வைத்துச் சென்சஸ் பட்டியலையும் ஊராட்சிப் பட்டியலையும் பொருத்தினால் கணக்கு தப்பும். ஒரே பெயரில் பல ஊர்கள், ஒரே ஊருக்குப் பல எழுத்துக்கூட்டல்! ஊருக்குச் சென்சஸ் தரும் குறியீட்டு எண்ணை வைத்துத் தொடங்கி, அப்புறம் இரண்டு எல்லை வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதே சரியான வழி. ஒரு கிராமம் இரண்டு ஊராட்சிகளில் பிரிந்து கிடந்தால் பரப்பளவு விகிதத்தில் மக்களைப் பங்கிடுவது வழக்கம். அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பாதி நிலம் ஏரியாக இருந்தால் ஏரிக்கும் ஆள் கணக்கு வந்துவிடும். கட்டடங்கள் இருக்கும் இடத்தைப் பார்த்துப் பங்கிடுவது மேல்.

எல்லை மாறிய காலத்தையும் கவனிக்க வேண்டும். 2011 கணக்கில் சென்னையின் சுமார் 46.5 லட்சம் பேர், 174 சதுர கிலோமீட்டர் கொண்ட பழைய எல்லைக்குள் இருந்தவர்கள். அதே ஆண்டு அக்டோபரில் 42 உள்ளாட்சிகள் இணைந்து மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர் ஆனது. பழைய தொகையைப் புதிய பரப்பால் வகுத்தால் சென்னையின் நெரிசல் பாதிக்கும் கீழே போய்விடும்.

தமிழில் என்ன சொல்வது? ‘கணக்கெடுப்பில் உள்ள ஊர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். கணக்கெடுப்பில் இல்லாத ஊர் எது? ‘கணக்கெடுப்புப் பேரூர்’ என்றால் பேரூராட்சியோடு குழம்பும். இலங்கையில் சென்சஸைத் ‘தொகைமதிப்பு’ என்பார்கள்; லத்தீன் மூலத்துக்கு அது நெருக்கம், அழகும்கூட. தமிழ்நாட்டில் கணக்கெடுப்பு என்பதே பழகிவிட்டதால் ‘கணக்கெடுப்பு நகரம்’ பொருத்தம். நகராட்சி, பேரூராட்சி போன்றவற்றைச் ‘சட்டபூர்வ நகரம்’ என்று எழுதினால் இரண்டும் தெளிவாகப் பிரிந்து நிற்கும்.