காய்ச்சலோடு வரும் முதுகுவலி எல்லாம் வாய்வு அல்ல

குமரி மாவட்டத்தில் பூதப்பாண்டிப் பக்கத்து நெல் விவசாயி. வயது 65, பல வருஷமாகச் சுகர், பீடிப் பழக்கமும் உண்டு. மூன்று வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், கூடவே நடுமுதுகில் வலி. முதலில் மருந்துக்கடை மாத்திரை. அப்புறம் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் எண்ணெய் தடவல். இடையில் ஒரு கிளினிக்கில் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் ஊசி. காய்ச்சல் நின்றது, சில நாளில் திரும்பியது. "வாய்வு பிடிச்சதுதான் டாக்டரே, இன்னொரு ஊசி போட்டா சரியாயிரும்" என்றார் அவர் மனைவி.

வயிற்றில் கை வைத்தேன். தொப்புளுக்கு மேலே, நாடியோடு சேர்ந்து துடிக்கும் ஒரு கட்டி. அழுத்தாமல் கையை எடுத்துவிட்டு, ரத்தக்குழாய்களைப் படம்பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோகிராமுக்கு உடனே அனுப்பினேன். கிருமி தொற்றி வீங்கிய பெருந்தமனிதான் அது.

இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவந்து வயிற்றுக்குள் ஓடும் பெருந்தமனி சுமார் 2 செ.மீ. அகலம் இருக்கும். 3 செ.மீ. ஆகிவிட்டால் அதை அனியூரிசம் என்கிறோம். சாதாரண அனியூரிசம் பெரும்பாலும் வருஷக்கணக்கில் மெல்லப் பருக்கும். கிருமி தின்ற சுவரோ ஒரு பக்கமாகப் பை போலப் பிதுங்கி, சில நாளிலேயே பெரிதாகி வெடிக்கக்கூடும். 1885இல் வில்லியம் ஆஸ்லர் இதற்கு 'மைக்காட்டிக்' என்று பெயர் வைத்தார். பூஞ்சை என்று பொருள்படும் பெயர், ஆனால் காரணம் பெரும்பாலும் பாக்டீரியாதான்: ஸ்டஃபைலோகாக்கஸ், டைபாய்டு குடும்பத்துச் சால்மொனெல்லா.

இவருக்கு ரத்தக் கல்ச்சரில், அதாவது ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், எதுவும் வளரவில்லை. முன்பே போட்ட ஊசிதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த முதல் ஊசிக்கு முன்னால், இரண்டு வெவ்வேறு இடங்களில் ரத்தம் எடுத்திருந்தால் எத்தனையோ நாள் மிச்சம். கடைசியில் அறுவை சிகிச்சையில் எடுத்த தமனிச் சுவரில்தான் கிருமி கிடைத்தது: மெலியாய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் பாக்டீரியா. சேற்றிலும் தண்ணீரிலும் வாழும் கிருமி இது. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில், சுகரோடும் காலில் புண்ணோடும் வயலில் இறங்குகிறவர்கள் எத்தனை பேர்! கல்ச்சரில் வளர்ந்தாலும் சூடோமோனாஸ் என்ற வேறு பாக்டீரியா என்று தவறாக நினைத்துவிட வாய்ப்புண்டு. அதனால் சந்தேகத்தை லேபுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் மட்டும் போதுமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் போதாது. சீழ் பிடித்த சுவரை வெட்டி எடுத்துவிட்டு ரத்தத்துக்குப் புதுவழி போட வேண்டும். அதே இடத்தில் புதுக்குழாய் வைக்கலாம். அல்லது அக்குள் தமனியிலிருந்து தோலுக்கடியில் குழாயை இறக்கி, இரு தொடைத் தமனிகளோடும் இணைக்கலாம். தொடை வழியாக ஸ்டென்ட் வைப்பது எளிது. ஆனால் கிருமி உள்ளேயே இருக்கும். ரத்தம் கசிந்து உயிர் ஊசலாடும்போதும், பெரிய அறுவையை உடம்பு தாங்காதபோதும் அதையும் செய்கிறோம். இவருக்குச் செஃப்டசிடிம் என்ற ஆன்டிபயாட்டிக் வாரக்கணக்கில் ரத்தக்குழாய் வழியாக ஏறியது. கோ-டிரைமாக்சசோல் மாத்திரை மாதக்கணக்கில் தொடர்கிறது. நடுவில் நிறுத்தினால் கிருமி திரும்பிவிடும்.

சுகரோ புகைப்பழக்கமோ உள்ள, அறுபதைத் தொட்டவருக்குக் காய்ச்சலும் முதுகு அல்லது வயிற்று வலியும் சேர்ந்து வந்தால், "பெருந்தமனியையும் பாருங்கள்" என்று கேளுங்கள். வீக்கம் இருக்கிறதா என்பதைத் தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ எடுக்கும் சாதாரண வயிற்று ஸ்கேனிலேயே பெரும்பாலும் பார்த்துவிடலாம். ஆசான்மாரிடமும் ஒரு வேண்டுகோள்: காய்ச்சலோடு வருகிறவரைத் தடவும் முன் வயிற்றில் மெல்லக் கை வைத்துப் பாருங்கள். அங்கே துடித்தால், எண்ணெயை மூடிவைத்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள்.