நைட்ரஜனுக்கு மூணா, அஞ்சா?

தண்டையார்பேட்டைல கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்குறேன். புது பேட்ச் வந்ததும் நைட்ரஜன்ல வேலன்ஸ் எலக்ட்ரான், அதாவது அணுவோட கடைசிக் கூட்டுல இருக்குற எலக்ட்ரான், எத்தனைன்னு கேப்பேன், பாதி பேர் மூணுன்னுதான் சொல்லுவாங்க. பசங்க மேல தப்பில்ல. ஒரு அணு எத்தனை பிணைப்பு போடும்ங்குறதுக்கு இணைதிறன்னு பேரு, வேலன்ஸ் எலக்ட்ரானுக்கு இணைதிறன் எலக்ட்ரான்னு பேரு, ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பேர வெச்சா குழம்பத்தானே செய்யும்? நைட்ரஜனோட வெளிக்கூட்டுல இருக்குறது அஞ்சு, அது வேலன்ஸ் எலக்ட்ரான்; எட்டாக இன்னும் தேவைப்படுறது மூணு, அது இணைதிறன். சோடியத்துக்கு ரெண்டுமே 1, கார்பனுக்கு ரெண்டுமே 4, அதனால அங்கெல்லாம் தப்பா புரிஞ்சிருந்தாலும் விடை சரியா வந்துடும், நைட்ரஜன், ஆக்சிஜன் வந்தாதான் மாட்டுவாங்க.

வேலன்ஸ் எலக்ட்ரான எண்ணுறது ஈஸிதான். தனிம வரிசை அட்டவணைல தொகுதி 1, 2ன்னா அப்படியே எழுது, 13லேர்ந்து 18 வரைக்கும்னா பத்தக் கழி. குளோரின் 17, அப்போ 7. ஹீலியம் மட்டும் 18ல உக்காந்துகிட்டு ரெண்டே ரெண்டு வெச்சிருக்கும். நடுவுல இருக்குற இரும்பு, காப்பர் கூட்டத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது.

பொட்டாசியத்தோட 19 எலக்ட்ரானையும் கூடு கூடா பிரிச்சு 2, 8, 9ன்னு எழுதிட்டு, "மூணாவது கூட்டுல 18 வரைக்கும் போலாம்னு புக்லயே இருக்கே சார்"னு ஒருத்தனாவது சண்டைக்கு வருவான் (அவனத்தான் எனக்குப் புடிக்கும்). போலாம்டா, ஆனா கடைசிக் கூட்டுல எட்டுக்கு மேல ஏறாது, 19வது எலக்ட்ரான் நாலாவது கூட்டுக்குப் போயிடும். 2, 8, 8, 1.

2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர்ல அமோனியா கசிஞ்சுதே, அதுக்கப்புறம் அந்தப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு கேட்டுது, கண்ணு ஏன் சார் அப்படி எரிஞ்சுதுன்னு. அமோனியான்னா ஒரு நைட்ரஜனும் மூணு ஹைட்ரஜனும். நைட்ரஜனோட அஞ்சு எலக்ட்ரான்ல மூணு அந்த ஹைட்ரஜனோட சேந்துடுச்சு, மிச்சம் ரெண்டு ஜோடியா சும்மா நிக்குது. கண்ணுல இருக்குற தண்ணிலேர்ந்து ஒரு ஹைட்ரஜன் அயனிய அந்த ஜோடி புடிச்சு இழுத்துக்கும், மிச்சமாகுற ஹைட்ராக்சைடு காரம், அதான் எரிச்சல். மூணுன்னு மனப்பாடம் பண்ணவனுக்கு அந்த ஜோடியே தெரியாது.

தண்ணில சட்டுனு கரையுற வாயு அது. அதனால நெடி வந்தா ஈரத்துணிய மூக்குல வெச்சுகிட்டு, காத்தடிக்குற திசைக்குக் குறுக்கால நடந்து வெளிய போங்க. கண்ணுல பட்டுச்சுன்னா ஓடுற குழாய்த் தண்ணில கால் மணி நேரமாவது கழுவிட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க. காரத்துக்கு ஆசிட் மருந்துன்னு யாராவது எலுமிச்சம்பழத்தோட வந்தா கிட்டயே விடாதீங்க.