ரேனியத்துக்குப் பயம், ஈதருக்குப் பிரிட்ஜ்

போன வாரம் பொகவந்தலாவையிலிருந்து ஒரு அம்மா தொலைபேசியில் அழைத்தார். "மிஸ், கோவிச்சுக்காதீங்க. எங்க புள்ளைக்கு அந்த ரேனியம் வேல வேணாம் மிஸ். போட்டோ அனுப்பியிருந்துச்சு, இருட்டுல அப்படியே மின்னுது. கதிர்வீச்சுன்னு சொல்றாங்க. நாளைக்கு அவளுக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு இருக்குல்ல?" குரல் நடுங்கியது. ரேனியம் ஒரு பாரமான உலோகம். என் ஆய்வுகூடத்தில் பிள்ளைகள் அதன் சேர்வைகளைச் செய்து பளிங்காக (படிகமாக) வளர்க்கிறார்கள். இந்த வருடம் இப்படி எனக்கு வந்த மூன்றாவது அழைப்பு இது. முதல் இரண்டு பிள்ளைகளும் ஆய்வுத் தலைப்பையே மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு பேரும் கெட்டிக்காரப் பிள்ளைகள்.

அன்று பின்னேரம் தேநீர் அறைப் பிரிட்ஜைத் திறந்தேன். பால் பெட்டிக்கும் யாருடையதோ சோற்றுப் பார்சலுக்கும் நடுவில் ஒரு ஜாம் போத்தல் இருந்தது. அதற்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, குப்பிக்குள் மஞ்சள் கரைசல், குப்பியைச் சுற்றி இரண்டு விரல் உயரத்துக்கு ஈதர் என்ற, சட்டென்று ஆவியாகித் தீப்பற்றும் கரைப்பான். போத்தலில் பெயர் இல்லை, திகதி இல்லை. வைத்தது அந்த அம்மாவின் மகள். ரேனியத்தைத் தொடும்போது இரண்டு சோடி கையுறை போடுகிறவள். "குளிரில பளிங்கு நல்லா வளரும்னு வச்சேன் மிஸ்" என்றாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளும் வாசியுங்கள், வீட்டில் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் அந்தக் கதிர்வீச்சுப் பயம். இணையத்தில் ரேனியம் என்று தேடினால் புற்றுநோய்ச் சிகிச்சை, கதிர் மருந்து என்றெல்லாம் வரும். பொய்யில்லை. ஆனால் அது ரேனியம்-186, ரேனியம்-188 என்ற சமதானிகளின் (ஒரே மூலகத்தின் வேறு வேறு நிறையுள்ள அணுக்களின்) கதை. முதலாவதன் அரைவாழ்வுக்காலம், அதாவது பாதி அணுக்கள் சிதைய எடுக்கும் காலம், ஏறக்குறைய மூன்றே முக்கால் நாள், மற்றதற்குப் 17 மணித்தியாலம். இவற்றை அணு உலை, துகள் முடுக்கி போன்ற பெரிய கருவிகள் இல்லாமல் உண்டாக்க முடியாது. உரிமம் இல்லாமல் நம் நாட்டில் யாரும் வைத்திருக்கவும் முடியாது. 2014ஆம் ஆண்டின் இலங்கை அணுசக்திச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. எங்கள் அலுமாரியில் இருப்பது மண்ணிலிருந்து தோண்டியெடுத்த சாதாரண ரேனியம். அதில் இருப்பவை 185, 187 என்ற இரண்டு சமதானிகள்தான்.

"187 கதிர்த்தொழிற்பாடுடையது என்று புத்தகத்தில் இருக்கிறதே மிஸ்" என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். கேட்கத்தான் வேண்டும். அதன் அரைவாழ்வுக்காலம் ஏறக்குறைய 4,100 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான். ஒரு கிராம் ரேனியத்தில் ஒரு செக்கனுக்குச் சுமார் ஆயிரம் அணுக்கள் சிதையும். நீங்கள் ஒரு தடவைக்கு எடுப்பது 50 மில்லிகிராம் என்றால் சுமார் ஐம்பது அணுக்கள். வெளிவரும் பீற்றாக் கதிர் அவ்வளவு பலவீனமானது, குப்பியின் கண்ணாடியைக்கூடத் தாண்டாது. நம் உடம்பில் இயற்கையாகவே உள்ள பொட்டாசியத்தால் ஒரு செக்கனுக்குச் சுமார் 4,000 அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. குப்பியைவிடக் குப்பியைப் பிடித்திருக்கும் கைக்குச் சொந்தக்காரியிடம்தான் கதிர்த்தொழிற்பாடு கூட.

அந்தப் போட்டோவில் மின்னியது வேறு விஷயம். ரேனியத்தோடு மூன்று காபனைல் (காபனும் ஒட்சிசனும் சேர்ந்த தொகுதி), ஒரு பைபிரிடீன் (நைதரசன் உள்ள சேதன மூலக்கூறு) சேர்ந்த சிக்கற் சேர்வைகள் புறஊதா விளக்கின் கீழ் மஞ்சளாக ஒளிரும். விளக்கின் ஒளியை வாங்கி, நிறம் மாற்றித் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். விளக்கை அணைத்தால் மின்னலும் போய்விடும். பளிங்கின் உள்வடிவத்தை அளக்கும் எக்ஸ் கதிர்க் கருவியைப் பற்றியும் இதே பயம் இருக்கிறது. எக்ஸ் கதிர் பட்ட பளிங்கு கதிர் வீசத் தொடங்காது. நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் கதிர் வீசிக்கொண்டா போகிறார்?

பிறகு ஏன் ரேனியத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்? ஆஸ்பத்திரிகளில் எலும்பு, இதய ஸ்கேனுக்குப் போடும் தெக்னீசியம், ஆவர்த்தன அட்டவணையில் ரேனியத்துக்கு நேர் மேலே இருக்கும் மூலகம். அதற்கு நிலையான சமதானி ஒன்றுகூட இல்லை. அதனால் எந்த இணையி (உலோகத்தோடு ஒட்டும் மூலக்கூறு) எப்படிப் பிடிக்கும், என்ன வடிவம் வரும் என்பதை ஆபத்தில்லாமல் ரேனியத்தில் செய்து பார்க்கிறோம். வடிவத்தைக் கண்ணால் கண்டதுபோலச் சொல்வது பளிங்கு மட்டும்தான். மூன்று காபனைலும் ஒரே முகத்தில் இருக்கின்றனவா, ரேனியம்-நைதரசன் தூரம் 2.17 அங்ஸ்ட்ரோம் (ஒரு மீற்றரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஓர் அங்ஸ்ட்ரோம்) அளவில் வருகிறதா என்பதெல்லாம் அதில் தெளிவாகத் தெரியும். இரண்டு உலோக அணுக்களுக்கு நடுவே நான்கு பிணைப்புகள் இருக்கலாம் என்று 1964இல் அமெரிக்க வேதியியலாளர் கொட்டனின் குழுவினர் சொன்னதும் ஒரு ரேனியம் பளிங்கை வைத்துத்தான். அதில் இரண்டு ரேனியத்துக்கும் இடையே 2.24 அங்ஸ்ட்ரோம் மட்டுமே. இப்படிப்பட்ட வேலையை ஒரு வாட்ஸ்அப் படத்துக்காக விட்டுப் போகிறார்களே என்றுதான் எனக்கு மனம் ஆறவில்லை.

சரி, இனி உண்மையிலேயே பயப்பட வேண்டியதைச் சொல்கிறேன்.

ஈதர். "நம்ம ஊர்க் குளிருக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லாத பிள்ளை இல்லை. ஈதரின் ஆவி மறை 45 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றும். நுவரெலியாவில் புல்லில் உறைபனி படிந்த காலையும் அதற்குப் போதாத குளிர்தான். ஈதர் கொதிப்பது 34.6 பாகையில், அதுவும் கடல் மட்டத்தில். மலையேற ஏற அதற்கும் குறைவில் கொதிக்கும். ஆவி காற்றைவிடப் பாரமானது, மேசையில் வழிந்து தரையோடு ஊர்ந்து போகும். வீட்டுப் பிரிட்ஜுக்குள் குளிரைக் கட்டுப்படுத்தும் ஆளி ஒவ்வொரு தடவையும் சின்னதாகப் பொறி விடும். மூடி சரியாக இறுகாத ஜாம் போத்தல், உள்ளே நிறைந்த ஆவி, ஒரு பொறி. எங்கள் தேநீர் அறையில் அது நடக்காமல் போனது அதிர்ஷ்டம் மட்டும்தான்.

பளிங்கு வளர்க்க ஈதர் ஆவி வேண்டும்தான், மறுக்கவில்லை. பொறி விடாத குளிர்ப்பெட்டியில் வையுங்கள். இல்லையென்றால் வெயில் படாத மூலையில் விட்டுவிடுங்கள், ஒரு வாரம் கூடப் போகட்டும். பழைய ஈதர்ப் போத்தலில் வெடிக்கக்கூடிய பெரொட்சைட்டு இருக்கலாம், சோதிக்காமல் ஆவியாக்காதீர்கள். மூடியைச் சுற்றிப் பொருக்குக் கண்டால் திறக்கவே வேண்டாம், வந்து என்னைக் கூப்பிடுங்கள்.

காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. புரோமோ பென்ராகாபனைல் ரேனியம் (ஐந்து காபனைல் உள்ள ரேனியச் சேர்வை) 400 மில்லிகிராமை பைபிரிடீனோடு தொலுயீன் என்ற கரைப்பானில் சூடாக்கினால் ஏறக்குறைய 50 மில்லிலீற்றர் காபனோரொட்சைட்டு வெளிவரும். மணமில்லை, நிறமில்லை. மழைக்குக் கதவு யன்னல் எல்லாம் சாத்திய அறையில், பியூம் ஹூட்டுக்கு (வாயுவை வெளியே உறிஞ்சும் பெட்டிக்கு) வெளியே இதைச் செய்கிறவரை நான் ஆய்வுகூடத்துக்குள் விடமாட்டேன். அந்தக் கையுறையையும் நம்பாதீர்கள். இருகுளோரோமெதேன் என்ற கரைப்பான் மெல்லிய நைத்திரைல் கையுறையைச் சில நிமிடத்தில் கடந்துவிடும். பட்டால் உடனே கழற்றுங்கள், அதே கையால் போனைத் தொடாதீர்கள்.

அப்புறம் பெயர் எழுதுவது. நானும் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவள். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைக் குழந்தை குடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரிக்கு ஓடியதை நம் தோட்டங்களில் பார்த்தே வளர்ந்தோம். அப்படி வளர்ந்த பிள்ளைகள் மெதனோல் என்ற கரைப்பானைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கலாமா? பார்வையைப் பறித்துவிடும் பிள்ளைகளே. அசெற்றோநைத்திரைல் என்ற கரைப்பானும் மோசம். உடம்புக்குள் போய்ச் சயனைட்டாக மாறும், அதற்குச் சில மணித்தியாலம் ஆகும். குடித்தவர் நன்றாகத்தானே இருக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குப்பியில் என்ன இருக்கிறது, என்றைக்கு ஊற்றியது, யாருடையது என்ற மூன்றையும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பேனை மை கரைப்பான் பட்டால் அழிந்துவிடும்.

அந்த அம்மா வருகிற சனிக்கிழமை பஸ் ஏறி வருகிறார். மகள் ஜாம் போத்தலை எடுத்துவிட்டு, ஆய்வுகூட மூலையில் பெயரும் திகதியும் ஒட்டிய புதுக் குப்பி வைத்திருக்கிறாள். புறஊதா விளக்கின் ஆளியை அம்மாவின் கையிலேயே கொடுக்கப் போகிறேன். போட்டு அணைத்துப் பார்க்கட்டும்.