கட்டு எவ்வளவு குடிக்கிறது, குடித்ததை எங்கே வைக்கிறது?

கட்டைப் பிரித்ததும் புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் ஓரத்துத் தோலைப் பாருங்கள். வெகுநேரம் துணி துவைத்த விரல் நுனிபோல அது வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தால், புண்ணிலிருந்து கசிந்த நீர் அங்கேயே தேங்கி நின்றிருக்கிறது. ஊறிய தோல் இலேசாகத் தேய்த்தாலே உரியும், புண் அகலமாகும். கட்டு நீரை உறிஞ்சாமல் இல்லை. உறிஞ்சியதைப் பிடித்துவைக்க அதனால் முடியவில்லை.

வீட்டில் பெரியவர்களின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடுபவர்கள் பெரும்பாலும் கேட்பது, “எது நிறைய உறிஞ்சும்?” என்பதுதான். நியாயமான கேள்வி, ஆனால் பாதிக் கேள்வி. மேலே அழுத்தம் விழும்போது நீரை விடாமல் வைத்திருக்குமா? நனைந்த பிறகு பிய்யாமல் முழுசாக வெளியே வருமா? இந்த இரண்டும் தெரியாமல் முதல் கேள்விக்கு மட்டும் விடை தெரிந்து பயனில்லை.

சாதாரணப் பஞ்சையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய மருந்தியல் தரநூலின்படி மருத்துவப் பஞ்சு ஒரு கிராமுக்குக் குறைந்தது 23 கிராம் நீரைப் பிடிக்க வேண்டும்; நீரில் போட்டால் 10 வினாடிக்குள் மூழ்க வேண்டும். கடற்பாசியிலிருந்து செய்யும் ஆல்ஜினேட் என்ற கட்டுப்பொருள் பொதுவாகத் தன் எடையைப்போல் 15 முதல் 20 மடங்குதான் உறிஞ்சும். எண்ணிக்கையில் பஞ்சு ஜெயிக்கிறது. கையில் எடுத்துப் பிழிந்தால் கதை மாறுகிறது. பஞ்சிலும் காஸ் துணியிலும் நீர் பெரும்பாலும் இழைகளுக்கு இடையில் உள்ள சந்துகளில் நிற்கிறது, அழுத்தினால் ஓடிவிடும். ஆல்ஜினேட்டில் நீர் இழைக்குள்ளேயே புகுந்து, இழை கூழாக மாறிவிடுகிறது. அதனால் அழுத்தினாலும் பெரும்பகுதி தங்கும். அதிக நீர் கசியும் புண்களுக்கான தடித்த பட்டைகளில், குழந்தைகளின் டயப்பரில் இருப்பதுபோன்ற அதிஉறிஞ்சுத் துகள்கள் இருக்கும். அவை நீரை இன்னும் இறுக்கமாகப் பூட்டிவைக்கும். அந்தப் பட்டைகளைக் கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது, துகள் கொட்டிப் புண்ணுக்குள் போகும்.

வீட்டிலோ பள்ளி அறிவியல் திட்டத்திலோ இதைச் சோதிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, குழாய் நீரைப் பயன்படுத்துவது. புண் நீர் உப்பு நீர். அதிஉறிஞ்சுத் துகள் உப்பில்லாத நீரில் பல நூறு மடங்கு ஊதும், உப்பு நீரில் சில பத்து மடங்கோடு நின்றுவிடும். ஆல்ஜினேட்டில் இது நேர் எதிர். அதிலுள்ள கால்சியம் வெளியேறி, புண் நீரிலுள்ள சோடியம் உள்ளே வந்தால்தான் கூழ் உண்டாகும், ஆகவே உப்பில்லாத நீரில் அது சோம்பேறிபோலத் தெரியும். ஒரே குழாய் நீர் ஒன்றை உயர்த்தியும் மற்றொன்றைத் தாழ்த்தியும் காட்டிவிடுகிறது.

சரியாகச் செய்ய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரையுங்கள். ஒவ்வொரு பொருளிலும் (வெட்டக்கூடாத அதிஉறிஞ்சுப் பட்டையைத் தவிர) 5 செ.மீ.க்கு 5 செ.மீ. துண்டு வெட்டி உலர் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசு போதாது. இவ்வளவு சிறிய காஸ் துண்டு ஒரு கிராம்கூட இருக்காது, ஆகவே 0.1 கிராமாவது காட்டும் தராசு வேண்டும். பொட்டலத்தைப் பிரித்த கையோடு நிறுக்க வேண்டும். சிங்கப்பூர்க் காற்றின் ஈரத்தைப் பருத்தி சும்மா இருந்தே இழுத்துக்கொள்ளும். காலையில் பிரித்து மாலையில் நிறுத்தால் தொடக்க எடையே பொய்யாகிவிடும். துண்டின் எடையைப்போல் குறைந்தது 40 மடங்கு உப்பு நீரில் 30 நிமிடம் ஊறவைத்து, ஒரு மூலையைப் பிடித்து 30 வினாடி தொங்கவிட்டு நிறுங்கள். இது தடையில்லாமல் உறிஞ்சும் அளவு.

அடுத்ததுதான் முக்கியம். காலில் சிரைக்கோளாறுப் புண் (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளங்களின் கோளாறால் வரும் புண்) உள்ளவர்களுக்குக் கணுக்காலில் சுமார் 40 மி.மீ. பாதரச அழுத்தம் தரும் கட்டுப் போடுவதுண்டு. (இரத்த ஓட்டத்தைச் சோதிக்காமல் அப்படி இறுக்கவே கூடாது, நீரிழிவு உள்ளவர்களின் காலுக்கு அது ஆபத்து.) அந்த அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 54 கிராம். நம் துண்டுக்குக் கணக்கிட்டால் 1.36 கிலோ. ஊறிய துண்டைக் கம்பித் தட்டில் வைத்து, அதே அளவுச் சிறு பலகையை மேலே வைத்து, 1.3 லிட்டர் நீர் நிரப்பிய போத்தலை அதன்மேல் நிறுத்தி, சாயாமல் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி நிறுங்கள். சாதாரணத் தட்டில் வைத்தால் பயனில்லை. போத்தலை எடுத்ததும் வெளியேறிய நீரைத் துண்டு மீண்டும் குடித்துவிடும், முடிவு நன்றாக வந்ததுபோல் ஏமாற்றும்.

வலிமையிலும் பார்க்க வேண்டியது ஈர வலிமையைத்தான். பருத்தி நனைந்தால் உலர்ந்திருப்பதைவிடச் சற்றே கூடுதல் வலு பெறும். மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழை நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழக்கும். கடையில் ‘காஸ்’ என்று கேட்டு வாங்கும் மிருதுவான வெள்ளைத் துண்டுகளில் பல, நெய்யாத விஸ்கோஸ்–பாலியெஸ்டர் கலவைதான். 2.5 செ.மீ. அகலக் கீற்றை இரண்டு கிளிப்புகளுக்கு இடையில் தொங்கவிட்டு, கீழே கட்டிய பையில் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். எந்த எடையில் அறுகிறது என்று உலர்ந்த கீற்றிலும் நனைந்த கீற்றிலும் பாருங்கள். நூலின் நேர்வாக்கில் வெட்ட வேண்டும். கிளிப் கடித்த இடத்திலேயே அறுந்தால் அந்த முடிவைத் தள்ளிவிடுங்கள். ஐந்து முறை செய்து நடு மதிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

ஆல்ஜினேட் இந்தச் சோதனையில் பரிதாபமாகத் தோற்கும். அது குறையில்லை, சில வகைகளை உப்பு நீர் பாய்ச்சியே கழுவி எடுத்துவிடலாம். ஆனால் ஆழமான குழிப் புண்ணுக்குள் வைக்கும்போது ஒரே துண்டாக வெளியே வரும் வகைதான் வேண்டும். சிறு சிறு துண்டாக வைத்தால் ஒன்று உள்ளேயே தங்கிவிடும். காஸ் துணிக்கு வேறு சிக்கல். வலுவானது, ஆனால் வெட்டிய ஓரத்திலிருந்து நூல் உதிரும். காய்ந்தால் புதிதாக வளரும் சதை அதன் கண்ணிகளில் பின்னிக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் அந்தச் சதையும் கூடவே வரும். உப்பு நீரை ஊற்றி 5 முதல் 10 நிமிடம் பொறுத்திருந்து எடுங்கள்.

ஃபிலிம் எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டுத் தாள் எதையும் உறிஞ்சாது. ஹைட்ரோகொலாய்ட் எனப்படும், நனைந்தால் கூழாகும் ஒட்டுப் பட்டை மெதுவாக, குறைவாக உறிஞ்சும். அது கரைந்து மஞ்சள் கூழாகி வாடை வீசுவதைச் சீழ் என்று நினைத்துப் பயப்படுபவர்கள் உண்டு. கழுவிய பிறகும் வாடை போகாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். மிதமான கசிவுக்கு ஃபோம் எனப்படும் மெத்தென்ற நுரைப் பட்டை நல்லது. புண்ணின் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. இருக்கும்படி அளவைத் தேர்ந்தெடுங்கள்.

காஸ் நிறைய குடிக்கட்டும் என்று ஆறேழு துண்டுகளை அடுக்குவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குக் கீழே அந்தப் பொதி செருப்புக்குள் கிடக்கும் கல்போல அழுத்தும். அதன் அடியில் புதுப் புண் வரும், வலிக்காததால் தெரியாது. காஸ் இரண்டு பக்கமும் குடிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். தேக்கா ஈரச்சந்தையிலோ கோயில் முற்றத்தின் கழுவிய தரையிலோ நடந்தால் தரை நீர் உள்ளே போகும், கிருமியும் கூடவே போகும். வெளிப்புறம் நனைந்த கட்டை, மாற்ற வேண்டிய நாள் வராவிட்டாலும் உடனே மாற்ற வேண்டும்.

கட்டின்மேல் தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். கறை தெரியத் தொடங்கியதும் அதன் விளிம்பைப் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் மணி குறியுங்கள். பிரித்த கட்டை எறிவதற்கு முன் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து, பலதுறை மருந்தகத்தில் தாதியிடம் காட்டுங்கள். எந்தப் பொருள், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை அந்தப் படத்தை வைத்தே அவர் பெருமளவு சொல்லிவிடுவார். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விரல் கறுத்தாலோ படம் எடுத்துக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.